குளிர் கொல்லாத ஊரில் எதை நடுவது

கோயம்புத்தூரில் ஆண்டின் குளிர்ந்த மாதம் தை. அப்போதும் விடியற்காலை வெப்பம் சராசரியாக 19 டிகிரி அளவில் நின்றுவிடுகிறது. சித்திரைப் பகலில் அது 35, 36 வரை ஏறும். இரவில் 24 அளவுக்கு இறங்கும். பாலக்காட்டுக் கணவாய் வழியே வரும் காற்று வெயிலை ஆற்றிவிடுவதால், கிட்டத்தட்ட அதே அட்சரேகையில் கடலோரத்தில் இருக்கும் ஊர்கள் படும் பாடு இங்கே இல்லை. பகலின் நீளமும் பெரிதாக மாறுவதில்லை. மிகக் குறுகிய பகலுக்கும் மிக நீண்ட பகலுக்கும் இடையே ஏறத்தாழ ஒன்றேகால் மணி நேரம்தான் வித்தியாசம். லண்டனில் அந்த வித்தியாசம் எட்டு மணி நேரத்தைத் தாண்டும். செடியைக் கொல்லும் உறைபனி வேண்டுமென்றால் மலையேறி ஊட்டிக்குத்தான் போக வேண்டும். ஆகவே இங்கே எந்த மாதத்திலும் எதையும் விதைக்கலாம், தோட்டம் ஆண்டு முழுதும் தானாகவே பச்சையாக இருக்கும் என்ற நம்பிக்கை வீட்டுத் தோட்டம் தொடங்குகிற எல்லோருக்கும் இருக்கிறது. நம்பிக்கை பாதிதான் சரி. கார்த்திகையில் தொடங்கிய மாடித் தோட்டங்களில் பெரும்பாலானவை பங்குனியில் காய்ந்த பைகளாக நிற்பதைக் கொங்குப் பகுதியின் எந்த நகரிலும் பார்க்கலாம். அவற்றைக் கவனிக்க ஆளில்லாமல் போனது ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம், நட்ட செடிகளின் தேர்வு. குளிர் கொல்லாத ஊரில் எதை நடுவது என்ற கேள்விக்கு, குளிர் கொல்லும் ஊரில் எழுதப்பட்ட விடையை நாம் பின்பற்றிக்கொண்டிருக்கிறோம் என்பதுதான் என் வாதம்.

குளிர் இல்லையென்றால் இங்கே செடியைக் கொல்வது எது? முதலில், மாசிக் கடைசியிலிருந்து சித்திரை வரை நீளும் வறண்ட வெயில். கிணறு இறங்கி, சிறுவாணித் தண்ணீர் இத்தனை நாளைக்கு ஒருமுறை என்று முறை வைக்கும் காலம் அது. அடுத்து, வெளியூர்க்காரர்கள் கணக்கில் எடுத்துக்கொள்ளாத ஆடிக்காற்று. ஆனி பிறந்ததும் கணவாயிலிருந்து புறப்படும் மேல்காற்று, உடுமலையிலும் பல்லடத்திலும் காற்றாலைகளைச் சுழற்றுகிற அதே வேகத்தோடு வாழை இலையைக் கிழிக்கும், முருங்கைக் கிளையை முறிக்கும், பந்தலைச் சாய்க்கும், மண்ணின் ஈரத்தை உறிஞ்சிக்கொண்டு போகும். மூன்றாவது ஐப்பசி, கார்த்திகை மழை. கோவையின் ஆண்டு மழை 600, 700 மில்லிமீட்டர் அளவுதான். ஆனால் அதில் பெரும்பங்கு வடகிழக்குப் பருவத்தில் சில வாரங்களுக்குள் கொட்டிவிடுகிறது. கரிசல் மண்ணாக இருந்தால் தண்ணீர் வடியாமல் நின்று பப்பாளி இரண்டே நாளில் தலை தொங்கிவிடும். சென்னையில் இந்தப் பட்டியல் வேறு மாதிரி இருக்கும்: ஆடிக்காற்றுக்குப் பதிலாக வைகாசியின் புழுக்கமான இரவுகள், மழையோடு சேர்ந்த புயல். திருநெல்வேலியில் இன்னொரு மாதிரி. எந்த ஊரானாலும் தோட்டத்தின் கடினமான காலங்கள் எவை என்று முதலில் தெரிந்தாக வேண்டும். எந்தக் காய் பிடிக்கும் என்ற பட்டியலை அதற்குப் பிறகு எழுதிக்கொள்ளலாம்.

இதற்கு நம் சமையலறையே சாட்சி. குளிர்நாட்டு வீடுகளில் இலையுதிர் காலத்தில் முட்டைக்கோஸை உப்பிலிட்டு, கிழங்கை நிலவறையில் அடுக்கி, பழத்தைப் பாகில் போட்டு வைத்தார்கள். வெற்று மாதங்கள் எங்கே இருந்தன என்பதை அந்தச் சேமிப்பே சொல்கிறது. நம் வீடுகளில் பங்குனி, சித்திரை வெயிலில் சுண்டை, மணத்தக்காளி, கொத்தவரை, கத்தரி, வெண்டை எல்லாம் வற்றலாகின. மிளகாய் மோரில் ஊறிக் காய்ந்தது. வெயில் இருக்கும்போதுதானே காயவைக்க முடியும், இதில் என்ன சாட்சி என்று கேட்கலாம். எப்போது காயவைத்தார்கள் என்பதை விட, எப்போது டப்பாவைத் திறந்தார்கள் என்பதுதான் முக்கியம். வத்தக்குழம்பும் பருப்புத் துவையலும் சுட்ட அப்பளமும் அடைமழை நாட்களின் சாப்பாடு. சந்தைக்குக் காய் வராத, கொல்லையில் பூ நிற்காத மாதங்களை இந்தச் சமையல் நன்றாக அறிந்திருந்தது. நாம் பனிக்காலத்தை அல்ல, மழைக்காலத்தையும் முதுவேனிலையும் தாண்டப் பழகியவர்கள். தோட்டத் தேர்வும் அந்த அறிவிலிருந்து தொடங்க வேண்டும்.

விதைப் பொட்டலம் அப்படித் தொடங்குவதில்லை. தக்காளி, மிளகாய், கத்தரி என்று அதில் வரும் செடிகளை ஓராண்டுப் பயிர் என்கிறோம். அவற்றின் பூர்வீக நிலத்தில் இந்த மூன்றுமே பல ஆண்டு வாழக்கூடியவை. உறைபனி வந்து முடித்துவைக்கிற நாட்டில்தான் அவை ஓராண்டோடு நிற்கின்றன. அப்படியானால் நம் ஊரில் கத்தரியும் மிளகாயும் பத்தாண்டு காய்க்க வேண்டுமே என்றால், அதுவும் நடப்பதில்லை. தொட்டி மிளகாய் இரண்டு மூன்று ஆண்டு நிற்பதுண்டு. கத்தரியைக் கவாத்து செய்தால் இன்னொரு முறை தழைக்கும். பனி செய்கிற வேலையை இங்கே வேர்முடிச்சு நூற்புழுவும், வாடல் நோயும், வெள்ளை ஈ கொண்டுவரும் இலைச்சுருள் நச்சுயிரியும் செய்துவிடுகின்றன. இதில் கவனிக்க வேண்டிய உறவினர் ஒருவர் இருக்கிறார்: சுண்டை. கத்தரியின் இனம்தான். வாடல் நோயையும் நூற்புழுவையும் தாங்கி, யாரும் தண்ணீர் விடாத வேலியோரத்தில் ஆண்டுக்கணக்கில் காய்க்கிறது. அதனால்தான் இப்போது சுண்டை வேர்ச்செடியில் கத்தரியை ஒட்டுக்கட்டி நாற்று விற்கிறார்கள். சாதாரணக் கத்தரியை விட நீண்ட காலம் காய்க்கிறது. நிலைத்து நிற்கும் வேர் கீழே, நமக்குப் பிடித்த காய் மேலே. நான் சொல்ல வரும் தோட்டமும் அந்த ஒட்டுச்செடியின் அமைப்பைக் கொண்டதுதான்: ஆண்டு முழுதும் சாகாமல் நிற்கும் செடிகள் அடியில், பட்டம் பார்த்து வந்துபோகும் செடிகள் அதன்மேல்.

சாகாமல் நிற்கும் செடிகளில் எதை முதலில் வைப்பது? கீரையை. இதில் உணவுச் சத்து பற்றிய பிரச்சாரம் எதுவும் இல்லை. செடியின் வேலை முறையே காரணம். காய் கிடைக்க வேண்டுமானால் செடி பூக்க வேண்டும், பூ நிற்க வேண்டும், மகரந்தம் சேர வேண்டும். இரவு வெப்பம் ஏறினால் தக்காளிப் பூ உதிர்கிறது. பந்தல் அவரை ஆடியில் விதைத்தாலும் பகல் சுருங்கும்வரை காத்திருந்து பனிக்காலத்தில்தான் கொத்துக் கொத்தாகக் காய்க்கிறது. குத்து அவரை ரகங்களில்தான் இந்தக் காத்திருப்பை நீக்கியிருக்கிறார்கள். ஒன்றேகால் மணி நேர வித்தியாசம் நமக்குத்தான் சிறிது, அவரைக் கொடிக்கு அது போதுமான செய்தி. இலைக்கு இந்த நிபந்தனைகள் எதுவும் கிடையாது. வேர் உயிரோடு இருந்து, கொஞ்சம் ஈரமும் வெயிலும் கிடைத்தால் இலை வரும். அதிலும் நம் தண்டுக்கீரை, அரைக்கீரை, சிறுகீரை எல்லாம் சோளத்தையும் கரும்பையும் போல சி-4 ஒளிச்சேர்க்கை உடையவை. வெயில் ஏற ஏற, கொடுத்த தண்ணீருக்கு மற்றக் கீரைகளை விட அதிகமாக வளர்பவை. பருப்புக்கீரை இன்னும் ஒரு படி மேல். அதுவும் சி-4 செடிதான். வறட்சி முற்றினால், கள்ளியின் வழக்கப்படி இரவில் கரியமில வாயுவைச் சேர்த்துக்கொள்ளும் வழியையும் பிடித்துக்கொள்கிறது. சித்திரையில் மாடித்தளத்தின் சூட்டில் எது பிழைக்கும் என்று கேட்பவருக்கு நான் முதலில் சொல்லக்கூடிய பெயர் அதுதான். களை என்று பிடுங்கிப் போடுகிற செடி அது என்பது வருத்தத்துக்குரியது.

ஆனால் கீரை என்று பொதுவாகச் சொல்லிவிட்டால் போதாது. சாகாத செடிகள் ஒவ்வொன்றுக்கும் ஆண்டில் ஒரு மந்தகாலம் இருக்கிறது. முருங்கை மாசி முதல் வைகாசி வரை பூவும் காயுமாக நிறைந்து நிற்கும். மழையில் தண்ணீர் நின்றால் இலை மஞ்சளித்துக் கொட்டும், கம்பளிப்பூச்சி அடிமரத்தில் அடை அடையாகக் கூடும். கறிவேப்பிலை மார்கழிக் குளிரில் துளிர்விடத் தயங்கும். காரமடை வட்டாரத்துச் செங்காம்புக் கறிவேப்பிலைத் தோட்டங்களிலும் இதே கதைதான். கோவைக்கொடி வெப்பமான மாதங்களில் நிற்காமல் காய்த்து, பனியில் ஓய்ந்துவிடும். தூதுவளை கோடையில் முள்ளும் குச்சியுமாகி, மழை விழுந்ததும் இலையாகிறது. பொன்னாங்கண்ணியும் வல்லாரையும் ஈரமிருக்கும் மாதங்களின் செடிகள். பசலைக்கொடிக்குத் தண்ணீர் மட்டும் இருந்தால் போதும், வெயிலும் மழையும் ஒன்றுதான். பிரண்டைக்குத் தண்ணீரே வேண்டாம். ஆகவே தேர்வு என்பது ஆகச்சிறந்த ஒரு செடியைக் கண்டுபிடிக்கிற காரியம் ஆகாது. எல்லாம் ஒரே மாதத்தில் மந்தமாகிவிடாதபடி ஐந்தாறு செடிகளைச் சேர்த்து வைக்கிற காரியம் அது. முருங்கை மட்டும் நட்டவர் கார்த்திகையில் வெறுங்கையோடு நிற்பார். பொன்னாங்கண்ணி மட்டும் நட்டவர் பங்குனியில். இரண்டையும் வைத்து, நடுவில் ஒரு பசலைக்கொடியையும், குளியலறைத் தண்ணீர் போகும் இடத்தில் வாழைக்கட்டையையும் வைத்தவருக்கு எந்த மாதமும் ஏதாவது ஒன்று கைக்கு வரும்.

முருங்கையைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்கலாம், ஏனென்றால் இந்த விவாதத்தின் எல்லாப் பக்கங்களும் அதில் இருக்கின்றன. பழைய ரகங்கள் பெரும்பாலும் போத்து நட்டு வளர்த்தவை: யாழ்ப்பாண முருங்கை, சாவகச்சேரி முருங்கை, செம்முருங்கை, பால் முருங்கை, வெற்றிலைத் தோட்டங்களில் வளர்ந்த கொடிக்கால் முருங்கை. பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரியிலிருந்து 1989-இல் வெளியான பி.கே.எம்.-1 ரகம் இந்த வழக்கத்தை மாற்றியது. விதைத்த ஆறு மாதத்தில் காய், மரத்துக்கு ஆண்டில் 220 காய் அளவுக்கு மகசூல், பிறகு தரையிலிருந்து 90 சென்டிமீட்டர் விட்டு வெட்டினால் நான்கைந்து மாதத்தில் மறுபடி காய்ப்பு, இப்படி ஓரிரண்டு மறுதாம்பு. மரமாக இருந்த ஒன்றைச் செடி முருங்கை ஆக்கியது சந்தைக்கு விளைவிக்கும் உழவருக்குப் பெரிய உதவி. வீட்டுக்காரரின் தேவை வேறு. அவருக்கு ஒரே மாதத்தில் ஐம்பது காய் வேண்டாம். வாரம் இருமுறை ஒரு பிடி கீரையும், ரசத்துக்கு நாலு காயும், பருவத்தில் பூப்பொரியலும் போதும். தரையில் இடமிருப்பவர் போத்து மரத்தையே வைக்கலாம். பீப்பாயில் வளர்ப்பவருக்கு வெட்டி வெட்டித் தழையவிடும் பி.கே.எம். பொருந்தும். இரண்டிலும் வெட்டு ஒன்றுதான் முக்கியம். கோடைக் காய் ஓய்ந்ததும், வைகாசிக்குள், இடுப்புயரத்தில் சாய்வாக வெட்டி, வெட்டுவாயில் சாணத்தை அப்பிவிட்டால், ஆனியில் காற்று எழும்போது முறிவதற்கு நீண்ட கிளை இருக்காது. வெட்டிய இடத்தைச் சுற்றிலும் சாணளவுத் துளிர்கள் வந்திருக்கும். அவற்றின் நுனியைக் கிள்ளிக்கொண்டே இருந்தால் கிளை பிரிந்துகொண்டே போகும், கீரை கைக்கெட்டும் உயரத்திலேயே நிற்கும். வெட்டாமல் விட்டால் இருபதடிக்கு மேலே போய், துரட்டிக்கோல் தேடவைக்கும்.

இப்படி நிலைச்செடிகளை அடித்தளமாக வைப்பது புதிய யோசனை அல்ல. சோழவந்தான், ஆத்தூர், காவிரிக்கரை எங்கும் இருந்த கொடிக்கால்கள் அப்படித்தான் அமைந்தன. வெற்றிலைக் கொடி படர அகத்தி. அகத்தியின் வேரில் காற்றின் தழைச்சத்தைச் சேர்க்கும் நுண்ணுயிர்கள். அகத்திக்கீரை விரதம் முடிக்கிற வீட்டுக்கும் மாட்டுக்கும். ஓரத்தில் வாழையும் முருங்கையும், வாய்க்கால் மேட்டில் சேம்பு. கொடி சந்தைக்குப் போனது, மற்றதெல்லாம் வீட்டுக்கு வந்தது. ஆனால் கொடிக்காலை அப்படியே நகரத்துக் கொல்லையில் கொண்டுவைக்க முடியாது. அதற்குத் தேவையான தண்ணீரும் தினசரி உழைப்பும் நம்மிடம் இல்லை. எடுத்துக்கொள்ள வேண்டியது அதன் அடுக்குமுறையை. உயரே அகத்தியின் சல்லடை நிழல், நடுவில் கொடி, கீழே கிழங்கு.

கிழங்கைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். வீட்டுத் தோட்டப் பேச்சில் அதற்கு இடமே கிடைப்பதில்லை. சேனை, சேம்பு, மரவள்ளி இவை அறுவடைக்கு அவசரப்படுத்தாத பயிர்கள். முற்றிய சேனை இலை மடிந்த பிறகும் மண்ணுக்குள்ளேயே சில வாரம் பத்திரமாக இருக்கும். குளிர்நாட்டுக்காரருக்கு நிலவறை செய்த வேலையை இங்கே மண்ணே செய்கிறது. பொங்கலுக்குப் படைக்கும் கிழங்குகள், தெற்கே சிறுகிழங்கு உட்பட, மழையில் பருத்து மார்கழி, தையில் தோண்ட வருபவை. காய்கறி நிற்காத மழை மாதங்களில் நிலத்துக்கு மேலே ஒன்றும் நடக்கவில்லை என்று தோன்றும்போது கீழே வேலை நடந்துகொண்டிருக்கிறது. கீரைக்கு அடுத்த இடத்தை நான் கிழங்குக்குத்தான் கொடுப்பேன்.

பட்டத்துக்கு வந்துபோகும் செடிகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம், அவற்றுக்கு ஆலோசனை சொல்ல ஆள் நிறைய. ஆடிப்பட்டத்துக்கு அவரை, பூசணி, வெண்டை. புரட்டாசிக்குப் பிறகு கத்தரி, தக்காளி. மழை வடிந்ததும் முள்ளங்கி, கொத்தமல்லி, பீட்ரூட். தைப்பட்டத்துக்கு வெள்ளரி, கொத்தவரை. கேரட்டும் முட்டைக்கோஸும் காலிஃபிளவரும் வேண்டாமா என்ற கேள்வி வரும். பனிக்காலத்தில் ஓரிரு பைகளில் முயலலாம், குழந்தைகளுக்கு மகிழ்ச்சி. ஆனால் அவற்றை ஆண்டு முழுதும் விளைவிக்கிற மலை ஊரின் கண்ணெதிரே நிற்கிறது. நீலகிரிக் காய்கறி மேட்டுப்பாளையம் மண்டியில் இறங்கி அன்றைக்கே கோவைக்கு வந்துவிடுகிறது. மலை செய்யும் வேலையைச் சமவெளிக் கொல்லை செய்யத் தேவையில்லை. பறித்த ஒரு மணி நேரத்தில் வாடிவிடுகிற, ஆகவே கடையில் நல்லதாகக் கிடைக்கவே கிடைக்காத தவசிக்கீரை, பசலை, முருங்கைப்பூ, தூதுவளை இவற்றுக்கே வீட்டு மண்ணைக் கொடுப்பது நியாயம்.

தினமும் கீரையா, வீட்டில் யார் சாப்பிடுவார்கள் என்பது எதிர்வாதங்களில் வலுவானது. அதை லேசாக ஒதுக்க மாட்டேன். அகத்தியின் கசப்பும் பசலையின் வழவழப்பும் எல்லோருக்கும் பிடிப்பதில்லை. பிடிக்காததை நட்டால் அது தோட்டமாக நீடிக்காது. ஆனால் நிலைச்செடிகள் ஒவ்வொன்றும் ஒரே ஒரு பண்டம் தருவதில்லை. வாழை ஒன்றே பூ, தண்டு, காய், பழம், சாப்பிட இலை என்று ஐந்து தருகிறது. முருங்கை மூன்று. பப்பாளி காயாகக் கூட்டுக்கும் பழமாகக் காலைக்கும். பூசணிக்கொடியின் இளந்தளிரைப் பொரியல் செய்யலாம். அலுப்பு வருவது செடிகள் குறைவதால் அல்ல, சமையல் குறுகிவிட்டதால். அதோடு, இந்தத் தோட்டம் சோற்றுக்குப் பதில் ஆகாது; அரிசியும் பருப்பும் எண்ணெயும் வெளியிலிருந்துதான் வரும். கடையை எதிர்பாராமல் வீட்டில் எப்போதும் இருக்கக்கூடிய ஒரு பச்சையை உறுதி செய்வது மட்டுமே இதன் வேலை. அதைக்கூட எல்லா வீட்டிலும் செய்ய முடியாது. கிழக்கு வெயில் இரண்டு மணி நேரம் விழும் அடுக்குமாடிப் பால்கனியில் வல்லாரையும் பொன்னாங்கண்ணியும் கறிவேப்பிலையும் நிற்கும், முருங்கைக் காய் கிடைக்காது.

பூச்சி பற்றிய எதிர்வாதம் அறிவியல் சார்ந்தது. நிலைச்செடி ஆண்டு முழுதும் நின்றால் பூச்சியும் ஆண்டு முழுதும் குடியிருக்காதா, நிலத்தை இடையிடையே வெறுமையாக விடுவதுதானே நல்லது என்பார்கள். நூற்புழுவுக்கும் கத்தரிக் குடும்பத்து நோய்களுக்கும் அது உண்மை. அந்தப் பாத்தியைச் சுழற்சியில்தான் வைக்க வேண்டும். மற்ற பூச்சிகளில் நிலைமை வேறு. பப்பாளி மாவுப்பூச்சி இந்தியாவில் முதன்முதலில் கண்டறியப்பட்டது கோவையில்தான், 2008-இல். வெள்ளைப் பஞ்சு அப்பியதுபோல் பப்பாளியை மூடி, மரவள்ளி, மல்பெரி என்று தாவியது. உழவர்கள் மருந்துக்கு மேல் மருந்தாக அடித்தும் அது அடங்கவில்லை. 2010-இல் போர்ட்டோரிக்கோவிலிருந்து மிகச்சிறிய ஒட்டுண்ணிக் குளவிகளை வரவழைத்து, பெருக்கி, வயல்களில் விட்டார்கள். சில மாதங்களில் மாவுப்பூச்சி அடங்கியது. இதிலிருந்து வீட்டுத் தோட்டத்துக்கு ஒரு விஷயம் கிடைக்கிறது. பூச்சி தங்க இடமிருந்தால்தான் அதைத் தின்னும் குளவிக்கும் பொறிவண்டுக்கும் தங்க இடம் இருக்கும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை பிடுங்கி வெறுமையாக்கும் பாத்தியில் முதலில் திரும்பி வருவது அசுவினி. அதைத் தின்பவை பிந்தித்தான் வரும். மருந்தடிக்காத நிலைச்செடித் தோட்டத்தில் இரண்டும் அங்கேயே இருக்கின்றன. கொஞ்சம் இலை ஓட்டையாகும். அதைப் பொறுத்துக்கொள்ள முடியாதவர் கடைக் கீரையே வாங்கலாம், ஆனால் ஓட்டையில்லாத இலை எப்படி ஓட்டையில்லாமல் வந்தது என்று ஒருமுறை யோசித்துவிட்டு வாங்க வேண்டும்.

நிலைச்செடிகள் மீதுள்ள ஆர்வத்தில் சில ஆபத்துகளும் வந்து சேர்ந்திருக்கின்றன. அவற்றைச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. தவசிக்கீரை மூன்றடியில் புதராக நின்று, நிழலையும் மழையையும் தாங்கி, ஆண்டு முழுதும் துளிர் தரும் அருமையான செடி. அதை மல்டிவைட்டமின் கீரை என்று பெயரிட்டு, பச்சையாக அரைத்துக் குடிக்கச் சொல்கிறார்கள். 1990-களின் நடுவில் தைவானில் உடல் மெலிவதற்காக இதே கீரையின் பச்சைச் சாற்றை வாரக்கணக்கில் குடித்தவர்களில் இருநூறுக்கும் மேற்பட்டோருக்கு நுரையீரலின் சிறு குழாய்கள் அடைபட்டு மீளாத பாதிப்பு ஏற்பட்டது, சிலர் இறந்தார்கள். மலேசியாவிலும் இந்தோனேசியாவிலும் கேரளத்திலும் மக்கள் இதை வேகவைத்து, மற்றக் கறிகளோடு அளவாகச் சாப்பிட்டு வருகிறார்கள். மெக்சிகோவிலிருந்து வந்த சாயா மரக்கீரையும் அப்படித்தான்: பச்சையிலையில் சயனைடு வெளிவிடும் பொருள் இருக்கிறது, நன்றாகக் கொதிக்க வேக வைத்தால்தான் உணவு. மரவள்ளிக்கும் அதே கவனம். தண்டுக்கீரையிலும் பசலையிலும் ஆக்சலேட் அதிகம். சிறுநீரகக் கல் உள்ளவர்கள் அளவு பார்க்க வேண்டும். ஒரே கீரையை மருந்தாக நினைத்து அள்ளிக் குடிப்பதும், பல கீரைகளை முறைவைத்துச் சமைப்பதும் ஒன்றல்ல. பல செடிகளைச் சேர்க்கச் சொல்வதற்கு மந்தகாலம் மட்டும் காரணமில்லை, இதுவும் காரணம்.

கடைசியாக நிழல். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் வீட்டுத் தோட்டத்துக்குத் தரும் பயிர்த் திட்டத்தில், நிலத்தைப் பாத்திகளாகப் பிரித்து, தக்காளி, வெங்காயம், முள்ளங்கி, வெண்டை என்று மாதவாரியாக அடுத்தடுத்த பயிர் சொல்லியிருக்கும். முருங்கை, வாழை, பப்பாளி, மரவள்ளி, கறிவேப்பிலை, அகத்தி ஆகியவை பல்லாண்டுப் பாத்தி என்று ஓரத்தில் ஒதுங்கியிருக்கும், மற்றப் பாத்திகளில் நிழல் விழக்கூடாது என்பதற்காக. இருநூறு சதுர மீட்டர் நிலமும் அன்றாடம் மண்ணில் நிற்க ஆளும் உள்ள வீட்டுக்கு அது நல்ல திட்டம், அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் இன்று நூறு சதுர அடியில் தோட்டம் வைப்பவர் சித்திரையில் கடைக்குப் போய் வாங்குவது எதை? பச்சை நிழல்வலையை. பணம் கொடுத்து வாங்குகிற அந்த நிழலை ஒரு முருங்கையோ அகத்தியோ கீரையையும் சேர்த்துத் தந்துவிடும். எங்கே வைக்கிறோம் என்பதில்தான் விஷயம். சித்திரை தொடங்கி ஆவணி தொடக்கம் வரை நம் ஊரில் நடுப்பகல் சூரியன் தலைக்கு வடக்கே சாய்ந்திருக்கும், மற்ற மாதங்களில் தெற்கே. மரத்தைத் தெற்கே வைத்தால் வெயில் தேவைப்படும் மார்கழி, தையில் பாத்தி இருண்டுவிடும். மேற்கே வைத்தால் கோடைப் பிற்பகலின் கடும் வெயில் தடைபடும். கோவையில் காற்றும் அந்தப் பக்கமிருந்துதான் வருகிறது. உயரமாக ஒரு மரம், அதன் காலடியில் தவசியும் சுண்டையும் நெருக்கி நட்ட வேலி. இந்த மேற்கு வேலி நின்றுவிட்டால் உள்ளே மற்றதெல்லாம் பிழைக்கும்.

இவ்வளவு தெளிவான தேர்வு ஏன் வழக்கத்தில் இல்லை என்பதற்குக் காரணம் எளிது. இந்தச் செடிகளில் விற்பதற்கு அதிகம் இல்லை. முருங்கை போத்தில் வரும், தவசியும் பொன்னாங்கண்ணியும் ஒடித்து நட்ட தண்டில் வரும், வாழை பக்கக்கன்றில், சேனை கரணையில். கோவைக்காயை விதைபோட்டு வளர்த்தால் ஆண்கொடியா பெண்கொடியா என்று தெரியவே மாதங்கள் ஆகும்; காய்க்கும் பெண்கொடியின் தண்டை வாங்கி நடுவதுதான் வழி. இவற்றைப் பொட்டலத்தில் அடைக்க முடியாது, ஆண்டுதோறும் மறுபடி வாங்க வைக்கவும் முடியாது. அரசு கொடுக்கும் மாடித் தோட்டத் தளையிலும் பைகளும் தென்னை நார்க்கழிவும் உயிர் உரமும் கூடவே விதைப் பொட்டலங்களும்தான் இருக்கின்றன. அந்தத் தளையோடு நான்கு தண்டுகளை ஈரச்சாக்கில் சுற்றிக் கொடுப்பது தோட்டக்கலைத் துறைக்குக் கடினமான காரியமாக இருக்காது. அரசுப் பண்ணைகளில் இந்தச் செடிகளைப் பெருக்குவதற்கு ஆகும் செலவும் சொற்பம். துறை செய்யும்வரை நாம் காத்திருக்க வேண்டியதில்லை. ஆடிச் சாரல் விழுகிற வாரத்தில், காய்க்கும் முருங்கையோ கோவைக்கொடியோ உள்ள வீட்டில் ஒரு கிளை கேளுங்கள், நட்டுத் துளிர்த்ததும் அடுத்த வீட்டுக்கு ஒன்றை ஒடித்துக் கொடுங்கள்.